மொட்டைமாடித் தொலைநோக்கி: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

"வாங்கி ரெண்டு நாள்தான் பார்த்தோம், அப்புறம் பரணுக்குப் போயிடுச்சு." சின்னத் தொலைநோக்கி வாங்கிய வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. ஏன் என்றால், கெட்டுப்போச்சு என்பார்கள். கீழே இறக்கித் தூசி தட்டி, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை சோதித்தால் பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. போட்ட ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ்) தப்பாக இருக்கும், அல்லது ஸ்டாண்ட் ஆடும், அல்லது மாடித் தரையின் சூடு படத்தைக் கலைத்திருக்கும். இந்த மூன்றையும் பார்க்காமல் தொலைநோக்கியைக் குறை சொல்லக் கூடாது.

இது 60, 70 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியும் 76, 114 மி.மீ. கண்ணாடித் தொலைநோக்கியும் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. உங்கள் குறை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேராக அங்கே போங்கள். சூரியனைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், சூரியன்

தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். வலிகூடத் தெரியாது, விழித்திரைக்கு வலி உணர்வு கிடையாது. பழைய மாடல்கள் சிலவற்றில் ஐபீஸுக்கு அடியில் திருகி மாட்டுகிற கறுப்புச் சூரிய ஃபில்டர் ஒன்று கூடவே வரும். லென்ஸ் குவித்த வெயில் முழுவதும் அதன் மேல்தான் விழும், சூட்டில் அது விரிசல் விடலாம். அது உங்கள் பெட்டியில் இருந்தால் இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரியனைப் பார்க்க ஆசையென்றால், குழாயின் முன்வாயை முழுதாக மூடுகிற, அதற்கென்றே செய்த ஃபில்டர் தாள் வேண்டும். அதை மாட்டும்போது ஃபைண்டரையும் (குறிபார்க்க மேலே பொருத்தியிருக்கும் சின்னக் குழாய்) மூடி வைக்க வேண்டும். 1909இல் கொடைக்கானல் ஆய்வகத்தில் வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளை ஆராய்ந்துதான், அவற்றிலிருந்து வாயு வெளிப்புறமாகப் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். அந்தப் புள்ளிகளை நம் 70 மி.மீ. தொலைநோக்கியிலும் பார்க்கலாம், முன்வாய் ஃபில்டர் இருந்தால் மட்டும்.

பகலில் தொலைநோக்கியை மாடியில் விட்டுவிட்டுக் கீழே போகாதீர்கள். பிள்ளைகள் கை வைத்துவிடுவார்கள்.

"ஒண்ணுமே தெரியலை, ஒரே இருட்டு"

முன்மூடியைப் பாருங்கள். பல மூடிகளின் நடுவில் இன்னொரு சின்ன மூடி இருக்கும். அதை மட்டும் கழற்றிவிட்டு மூடியைத் திறந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது வழக்கம். நிலாவுக்கு அந்த ஓட்டை போதும், நட்சத்திரத்துக்கு முழு மூடியும் வர வேண்டும். அப்புறம், ஐபீஸை எடுத்துவிட்டு வெறும் குழாய்க்குள் பாருங்கள். வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தால் குழாயில் கோளாறு இல்லை. 4 மி.மீ. ஐபீஸும் பார்லோவும் (உருப்பெருக்கத்தைக் கூட்டுகிற லென்ஸ்) சேர்த்து மாட்டியிருந்தால் இரண்டையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு 20 அல்லது 25 மி.மீ. ஐபீஸை மாட்டுங்கள். ஐபீஸின் மேல் எழுதியிருக்கும் எண் பெரிதாக இருந்தால் உருப்பெருக்கம் குறைவு. புதிதாக வாங்கிய பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

"ஃபைண்டரில் நிலா இருக்கு, ஐபீஸில் காணோம்"

தொலைநோக்கி பரணுக்குப் போவதற்கு முதல் காரணம் இதுதான். குழாயின் மேல் இருக்கும் சின்ன ஃபைண்டரும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. இதை ராத்திரியில் சரிசெய்ய முயன்றால் பொறுமை போய்விடும். பகலில் செய்யுங்கள், சாயங்காலம் 5 மணிவாக்கில், வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி.

அசையாத, தூரத்துப் பொருள் ஒன்று வேண்டும். மதுரைக்குள் இருப்பவர்களுக்கு மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தைவிட நல்ல இலக்கு கிடையாது. தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி, ஊரில் பல மாடிகளிலிருந்து கண்ணுக்குப் படும். கோபுரம் தெரியாத பக்கமென்றால் செல்ஃபோன் டவர், ஒத்தக்கடைப் பக்கமென்றால் யானைமலை உச்சியில் ஒரு பாறை விளிம்பு. எதிர்வீட்டுச் சுவர் வேண்டாம். அது ரொம்பப் பக்கம், ஃபோகஸ் ஆகாது. அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் குழாயைத் திருப்பவே திருப்பாதீர்கள்.

25 மி.மீ. ஐபீஸை மாட்டி, ஃபைண்டரைக் கண்டுகொள்ளாமல் குழாயை மட்டும் மெதுவாகத் திருப்பிக் கோபுர உச்சியைப் பிடியுங்கள். வரிசையாக நிற்கும் கலசங்களில் ஓரத்துக் கலசத்தை எடுத்துக்கொண்டு, அதன் கூர்முனை வட்டத்தின் நடுவே வரும்படி வைத்துப் பூட்டுத் திருகை இறுக்குங்கள். ஓரத்துக் கலசம் ஏன் என்றால், நடுக் கலசங்கள் ஒன்றுபோலவே இருக்கும், ஃபைண்டரில் வேறொன்றைப் பிடித்துவிடுவீர்கள். இப்போது ஃபைண்டருக்கு வாருங்கள். அதைச் சுற்றியுள்ள திருகுகளில் ஒன்றைத் தளர்த்தி, எதிரே இருப்பதை இறுக்கி, குறுக்குக் கோடு அதே கலச முனையில் உட்காரும்வரை திருப்புங்கள். பெரிய குழாய் நகர்ந்துவிட்டதா என்று இடையிடையே பாருங்கள், நகர்ந்திருக்கும். பிறகு ஐபீஸை 10 மி.மீ.க்கு மாற்றி இன்னொரு தடவை. ராத்திரி நிலாவில் கடைசியாக ஒரு சின்னத் திருத்தம், அவ்வளவுதான் வேலை.

சிவப்புப் புள்ளி ஃபைண்டர் என்றால், புதிதில் பேட்டரிக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று செருகியிருக்கும். அதை இழுத்து எடுத்தால்தான் புள்ளி எரியும். பார்த்து முடித்ததும் அணைக்க மறந்தால் மறுநாள் பேட்டரி இருக்காது.

"தலைகீழாத் தெரியுது"

கோளாறே இல்லை. கண்ணாடித் தொலைநோக்கியில் படம் தலைகீழாகத்தான் வரும். லென்ஸ் தொலைநோக்கியில் டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்புகிற வளைவுத் துண்டு) மாட்டினால் மேல்கீழ் நேராகி, இடவலம் மட்டும் மாறியிருக்கும். வானத்தில் மேலும் கீழும் கிடையாது, அப்படியே பார்த்துப் பழகுங்கள்.

"ஃபோகஸே ஆக மாட்டேங்குது"

லென்ஸ் தொலைநோக்கியில் டயகனலை விட்டுவிட்டு ஐபீஸை நேரே குழாயில் செருகியிருப்பீர்கள். டயகனல் எடுத்துக்கொள்ளும் தூரத்தையும் கணக்கில் வைத்துத்தான் குழாயைச் செய்கிறார்கள். அது இல்லையென்றால் ஃபோகஸ் திருகு கடைசிவரை போயும் எட்டாது. ஒரு சோதனை சொல்கிறேன். நிலாவைப் பிடித்துவிட்டு, ஐபீஸின் பூட்டுத் திருகைத் தளர்த்தி, கையால் ஐபீஸை மெல்ல வெளியே இழுங்கள். இழுக்க இழுக்கப் படம் தெளிந்தால் இடையில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அநேகமாக டயகனல்தான். இழுக்க இழுக்க மோசமானால், தேவையில்லாத ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது. பார்லோ அல்லது நிமிர்த்தும் லென்ஸ், அதைக் கழற்றுங்கள்.

கண்ணாடித் தொலைநோக்கிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நட்சத்திரத்தைப் பிடித்தால் நடுவில் கறுப்பு ஓட்டையோடு வடை மாதிரி வட்டம் தெரிகிறது, சனிக்கிரகமா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. அது ஃபோகஸ் தப்பிய நட்சத்திரம், நடுவில் தெரிவது குழாய்க்குள் இருக்கும் சின்னக் கண்ணாடியின் நிழல். வட்டம் சுருங்குகிற பக்கமாகத் திருகிக்கொண்டே போங்கள், புள்ளியாகும்.

"பெரிசு பண்ணினா மங்கிப்போகுது"

பெட்டியில் 525 மடங்கு என்று அச்சடித்திருக்கும். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். குழாயின் குவியத் தூரம் 700 மி.மீ. அதை 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 175. மூன்று மடங்கு பார்லோ போட்டால் 525. பெருக்கல் வகுத்தலில் தப்பில்லை, கண்ணுக்குத்தான் ஒன்றும் தெரியாது. லென்ஸின் விட்டத்தை மி.மீ.யில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 70 மி.மீ.க்கு 140 மடங்கு. நல்ல வானத்தில் அதுதான் உச்சவரம்பு. அதற்கு மேலே போனால் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் பரவிப் போய், மங்கல்தான் பெரிதாகும்.

என் யோசனை, பெட்டியோடு வந்த 4 மி.மீ. ஐபீஸையும் மூன்று மடங்கு பார்லோவையும் ஓரமாக வையுங்கள். 25 மி.மீ. போட்டால் 28 மடங்கு, 10 போட்டால் 70 மடங்கு. நிலாவின் பள்ளங்கள், வியாழனின் 4 பெரிய நிலாக்கள், வெள்ளியின் பிறை, கார்த்திகைக் கூட்டம் எல்லாமே இந்த இரண்டுக்குள் அடக்கம். பணம் செலவழிக்க மனம் இருந்தால் தரமான ஐபீஸ் ஒன்று வாங்குங்கள். வாங்குவதற்கு முன், ஐபீஸைச் செருகுகிற ஃபோகஸர் வாயை அளந்துகொள்ளுங்கள். இன்றைய வழக்கம் 31.7 மி.மீ., பழைய சின்ன மாடல்களில் 24.5 மி.மீ. ஒன்று மற்றதில் சேராது.

"தொட்டாலே ஆடுது"

குறைந்த விலைத் தொலைநோக்கிகளில் லென்ஸ் பரவாயில்லை, ஸ்டாண்டுதான் பலவீனம். கால்களை முழுதாக நீட்டாதீர்கள். பாதிவரை நீட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். நடுத்தட்டில் கயிறு கட்டி ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேனைத் தொங்கவிடுங்கள், தரையை உரசாமல். கால்கள் சேரும் இடத்துத் திருகுகளை மாதம் ஒருமுறை இறுக்குங்கள். இறுக்கினாலும் ஆடினால் இடைவெளியில் சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டிச் செருகலாம். ஃபோகஸ் திருகியதும் கையை எடுத்துவிட்டு மூன்று விநாடி பொறுத்துப் பாருங்கள்.

ஆடியில் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்மியே நகரும் என்கிற காற்றில் முக்காலி எம்மாத்திரம்! மாடிப்படி அறையின் சுவர் மறைவில் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் தரைக்கு இறங்கிவிடுங்கள். மாடியில் வேறு யாராவது நடந்தாலும் தளம் வழியாக அதிர்வு ஏறும். பார்க்க வந்தவர்களை ஓரிடத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

"படம் கொதிக்கிற மாதிரி நெளியுது"

மதுரைக்காரர்களுக்கு இது தனிப் பிரச்சினை. சித்திரை, வைகாசி வெயிலைப் பகல் முழுக்கக் குடித்த தட்டோடு, ராத்திரி 10 மணிவரைகூட அந்தச் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். வெறுங்காலோடு நடந்து பாருங்கள், கால் சொல்லிவிடும். அந்தச் சூடான காற்று மேலே எழும்பும்போது அதன் வழியாக வரும் ஒளி வளைந்து நெளிகிறது. அப்போது சனியைப் பார்த்தால் வளையமும் உருண்டையும் ஒன்றாகக் குழம்பியிருக்கும். ஃபோகஸைத் திருகித் திருகிப் பார்ப்பீர்கள், பிடிபடவே பிடிபடாது. தப்பு ஃபோகஸில் இல்லை.

தளத்தில் தண்ணீர் தெளிப்பது கொஞ்சம் உதவும், முழுத் தீர்வு இல்லை. நல்ல தீர்வு நேரத்தை மாற்றுவது. கோடையில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பாருங்கள். அதே தொலைநோக்கிதானா என்று கேட்பீர்கள். முடியாதவர்கள் மண் தரைக்குப் போகலாம். தோட்டம், வயல்வரப்பு, கிராமத்து வீட்டு முற்றம் எதுவானாலும் சரி, மண் சீக்கிரம் ஆறிவிடும். சிமெண்டுச் சாலைக்கும் தகரக் கொட்டகைக்கும் மேலாகப் பார்க்க வேண்டி வந்தால் அந்தத் திசையைத் தவிருங்கள்.

அடிவானத்தை ஒட்டியிருக்கும் எதுவும் நெளியத்தான் செய்யும். அது மேலே ஏறும்வரை காத்திருங்கள். இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வரம் உண்டு. மதுரை ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், செவ்வாய், வியாழன், சனி எல்லாம் வானில் மிக உயரமாக ஏறி நிற்கும்போது நம் தலைக்கு நேர் மேலிருந்து 40 டிகிரிக்குள்தான் இருக்கும். ஐரோப்பாவில் இருப்பவர்கள் இதற்கு ஏங்குவார்கள். ஒரே ஒரு சங்கடம், நேர் உச்சிக்குத் திருப்பும்போது சில ஸ்டாண்டுகளில் குழாய் காலில் இடிக்கும். இரண்டு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ பாருங்கள்.

கண்ணால் பார்க்கும்போதே நட்சத்திரங்கள் பலமாகக் கண்சிமிட்டினால் அன்றைக்குக் கிரகங்களை விட்டுவிடுங்கள். கார்த்திகைக் கூட்டம் போன்றவற்றை 28 மடங்கில் பார்த்துவிட்டு இறங்கலாம்.

"நட்சத்திரம் வெறும் புள்ளிதான், சனிக்கு வளையத்தைக் காணோம்"

நட்சத்திரம் எவ்வளவு பெரிய தொலைநோக்கியிலும் நமக்குப் புள்ளிதான். அவ்வளவு தூரம். ஆனால் ஒரு புள்ளி இரண்டாகப் பிரிவதைப் பார்க்கலாம். கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோமே, அந்த அருந்ததியும் பக்கத்திலிருக்கும் வசிஷ்டரும் வெறுங்கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். பங்குனி, சித்திரை ராத்திரிகளில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வாலில் தேடுங்கள். 70 மடங்கில் வைத்தால் வசிஷ்டர் தாமே இரண்டு நட்சத்திரமாகப் பிரிவார். பிரிந்து தெரிந்தால் உங்கள் லென்ஸ் நன்றாக இருக்கிறது என்று நம்பலாம். இதைவிடச் சுலபமான பரிசோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு ஓரம் காட்டி நின்றது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் விரிகிறது. அதனால் இந்த வருடங்களில் உருண்டையைக் குத்திய ஊசி போல மெலிதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

நிலாவை எல்லோரும் பௌர்ணமிக்குத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்க ஊரே திரண்டிருக்கும், மேலே நிலா தகதகவென்று நிற்கும், தொலைநோக்கியில் பார்த்தால் கண் கூசும் வெள்ளைத் தட்டுதான். வெயில் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. வளர்பிறை அஷ்டமியையொட்டிப் பாருங்கள். இருட்டும் வெளிச்சமும் சேரும் கோட்டின் ஓரத்தில் மலைகளின் நிழல் நீண்டு விழுந்திருக்கும்.

நெபுலாக்கள் (விண்வெளி வாயு மேகங்கள்) சாம்பல் கறையாகத்தான் தெரியும், படத்தில் வரும் நிறம் கேமராவின் வேலை. ஊருக்குள் அந்தக் கறையும் தெரியாவிட்டால் நத்தம் சாலையிலோ உசிலம்பட்டிப் பக்கமோ தெரிந்தவர் வீடு இருந்தால் அமாவாசையையொட்டிப் போய் வாருங்கள். செல்ஃபோனை அரை மணி நேரம் பையில் வைத்தால்தான் கண் இருட்டுக்குப் பழகும்.

"பார்த்துட்டிருக்கும்போதே நழுவிப்போகுது"

பூமி சுற்றுகிறது. நிலாவின் அகலமளவு தூரத்தை வானம் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். நகர்ந்து வரும் பக்கமாகக் கொஞ்சம் முன்கூட்டியே குழாயை வைத்துவிட்டு, பொருள் வட்டத்துக்குள் நடந்து வருவதைப் பாருங்கள். துரத்திக்கொண்டே இருப்பதைவிட இது நிம்மதி.

எதிர் எடை தொங்கும் ஈக்குவடோரியல் மவுண்ட் (குழாயைத் தாங்கித் திருப்புகிற பகுதி) வைத்திருப்பவர்களுக்கு இங்கே தனிக் கஷ்டம். அதன் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரம்தான், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மறைத்துவிடும். பல மவுண்டுகள் அந்த அளவுக்குத் தாழாது, ஏனென்றால் அவை வடக்கத்திய நாடுகளை மனதில் வைத்துச் செய்தவை. தாழ்ந்தாலும் எதிர் எடை முக்காலிக் காலில் இடிக்கும். எடைக்கு நேர் கீழே கால் வராதபடி முக்காலியைத் திருப்பி வையுங்கள். நட்சத்திரம் தெரியாவிட்டால் திசைகாட்டி போதும், இந்தப் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கண்ணால் பார்ப்பதற்கு அந்தத் துல்லியம் தாராளம். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு இந்த மவுண்டை நான் சொல்ல மாட்டேன். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புகிற சாதாரண மவுண்டே நமக்கு ஏற்றது.

"ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு பக்கமா வால் முளைக்குது"

கண்ணாடித் தொலைநோக்கியில் கண்ணாடிகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். கறுப்பு ஓட்டை வட்டத்தின் நடுவில் இருந்தால் சரி. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் குழாயின் பின்பக்கத் திருகுகளைத் தொட வேண்டும். சில மாடல்களில் அவற்றை ஒரு மூடி மறைத்திருக்கும். பூட்டும் திருகுகளைத் தளர்த்திவிட்டு, சரிசெய்யும் மூன்று திருகுகளில் ஒன்றை மட்டும் கால் சுற்று திருப்பி, நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து, ஓட்டை எந்தப் பக்கம் நகர்ந்தது என்று பாருங்கள். தப்பான பக்கம் போனால் திருப்பிக் கொண்டுவாருங்கள். இரண்டு திருகுகளை ஒரே நேரத்தில் தொடாதீர்கள்.

குழாய் அரை மீட்டர் நீளம்தான் இருக்கிறது, ஆனால் குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருக்கிறதா? அப்படியென்றால் ஃபோகஸருக்குள் கூடுதல் லென்ஸ் ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்த வகையை நேராக்குவது கடினம், அனுபவப்பட்டவரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். லென்ஸ் தொலைநோக்கியின் முன் லென்ஸை எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள்.

"லென்ஸ் வேர்த்துப்போகுது"

ஏசி அறையிலிருந்து நேரே மாடிக்குக் கொண்டுபோனால் குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படியும். துடைக்காதீர்கள், மூடியைப் போட்டு அரை மணி நேரம் வெளியே வைத்தால் போய்விடும். மார்கழியில் இதே தொல்லை பனியால் வரும். கறுப்புச் சார்ட் பேப்பரைச் சுருட்டி, குழாயின் முன்னால் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும்படி சுற்றிவிடுங்கள். பார்த்து முடித்து ஈரத்தோடு மூடிப் பெட்டியில் வைப்பதுதான் பூஞ்சைக்கு வாசல் திறப்பது. ராத்திரி முழுக்க அறைக்குள் மூடியைத் திறந்து, குழாயின் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்து, காலையில் காய்ந்த பிறகு மூடுங்கள்.

தூசி, எண்ணெய், பூஞ்சை

லென்ஸில் கொஞ்சம் தூசி இருந்தால் படம் கெடாது. வேட்டி முனையாலும் துப்பட்டாவாலும் துடைத்தால் நிச்சயம் கெடும், நம் ஊர்த் தூசியில் மணல் அதிகம். ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் வேண்டாம். விரல் ரேகை பட்டுவிட்டால் மருந்துக்கடைப் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாக நனைத்து, அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்துப் பஞ்சை மாற்றுங்கள்.

கண்ணாடித் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியில் அலுமினியப் பூச்சு முன்பக்கமே இருக்கும், முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பின்னால் இருக்காது. அதைத் தேய்க்கவே கூடாது. கழுவியே ஆக வேண்டுமென்றால் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். கடைசி அலசல் போர் தண்ணீராக இருந்தால் உப்புத் திட்டு படியும். வாலை வடிநீருக்கு அலைய வேண்டாம், பேட்டரிக் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர் போதும். ஆசிட் கேன் வேறு, தண்ணீர்க் கேன் வேறு, பார்த்து வாங்குங்கள்.

ஃபோகஸ் திருகு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டிக்கொண்டு இன்னும் இறுகும். ஃபோகஸர் அடியிலுள்ள சின்னத் திருகுகளைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் விஷயம். தானாகச் சரிந்து இறங்கினால் அதே திருகுகளை இறுக்குங்கள்.

லென்ஸில் சிலந்தி வலை இழைபோலத் தெரிந்தால் அது பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிடிக்கும், விட்டால் பூச்சையே அரித்துவிடும். ஐபீஸில் வந்திருந்தால் அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். குழாயின் உள்பக்க லென்ஸில் என்றால் கேமரா லென்ஸ் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள். வராமல் பார்த்துக்கொள்ள, இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஐபீஸ்களை வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், மாவு ஒட்டும். நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.